மூன்று கிலோமீட்டரும் ஒரு சாணும்

பயிர்களைச் சேதப்படுத்தும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்கு அனுமதி அளிக்கும் ஆணையைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம். அதையொட்டி எழுந்த விவாதம் பெரும்பாலும் இந்தக் கிலோமீட்டர்களைச் சுற்றியே நடந்தது. காட்டின் எல்லையிலேயே சுட வேண்டும் என்றனர் விவசாயிகள். சுடவே கூடாது என்றனர் விலங்கு நேயர்கள்.

எங்கே சுடலாம், யார் சுடலாம் என்ற இரு கேள்விகளுக்கும் பல கோணங்களில் பதில்கள் வந்தன. மூன்றாவது கேள்வியை எழுப்பியவர்கள் மிகச் சிலரே. சுடப்படும் தோட்டா, விலங்கின் உடலில் எந்த இடத்தில் பாய வேண்டும்? கேட்பதற்கு இது வேட்டைக்காரர்களின் தொழில்நுட்பச் சந்தேகம் போலத் தோன்றலாம். ஆனால், கொல்வதென அரசு முடிவெடுத்த பிறகு, ஓர் உயிர் சில நொடிகளில் அடங்குவதா, இரண்டு நாள் துடித்துச் சாவதா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு கேள்விதான். ஆகவே இதைக் கொள்கைக் கேள்வியாகவே கருத வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். காட்டுப்பன்றியால் விவசாயிகள் படும் துயரத்தைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, வாழை, கரும்பு என எதையும் அது விட்டுவைப்பதில்லை. தின்பதைவிடக் கிளறி அழிப்பது அதிகம். நான்கு மாத உழைப்பும் கடனும் ஒரே இரவில் மண்ணோடு மண்ணாகும்போது, அந்த விவசாயியிடம் விலங்கின் வலியைப் பற்றிப் பேசுவது எளிதன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பயிருக்குக் கேடு விளைவிக்கும் இவ்வகை விலங்குகளை உரிய அதிகாரியின் அனுமதியுடன் கொல்ல 11ஆவது பிரிவில் இடமளித்திருக்கிறது. கொல்லலாமா என்ற விவாதத்தை இங்கே நான் மீண்டும் திறக்கவில்லை.

தோட்டா எவ்வாறு கொல்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். இதயமோ, அதிலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாய்களோ, இரு நுரையீரல்களுமோ சிதைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் நின்றுபோகிறது. மூளையில் எஞ்சியிருக்கும் பிராணவாயு பத்துப் பதினைந்து நொடிகளுக்கே போதும். அதற்குள் விலங்கு ஐம்பது அல்லது நூறு மீட்டர் ஓடக்கூடும். ஆனால், அதற்குமேல் அதற்கு நினைவிராது. மூளையிலோ கழுத்தெலும்பிலோ பாயும் தோட்டா நின்ற இடத்திலேயே வீழ்த்தும். உடலின் வேறு எந்தப் பகுதியில் பட்டாலும் மரணம் தாமதமாகும். குடலில் பட்டால் பல மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை ஆகலாம். காலில் பட்டால் சாவு வராமலே போகலாம். ஊனமும் சீழும் பட்டினியும் வரும்.

இதயமும் நுரையீரலும் அடங்கிய இந்தப் பகுதிக்குத் தமிழில் அழகான சொல் உண்டு: உயிர்நிலை. பக்கவாட்டில் நிற்கும் வளர்ந்த காட்டுப்பன்றியின் உயிர்நிலை ஏறத்தாழ ஒரு சாண் அகலம்தான். அதுவும் நாம் நினைக்கும் இடத்தில் இருப்பதில்லை. மானைச் சுடுபவர்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவைப்பார்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னால், தாழ்வாக, முன்னங்கால்களை ஒட்டி அமைந்திருக்கின்றன. மானுக்குப் பொருந்தும் குறியைப் பன்றிக்கு வைத்தால் தோட்டா ஈரலுக்கோ இரைப்பைக்கோ செல்லும் வாய்ப்பு அதிகம்.

முதுகில் சிலிர்த்து நிற்கும் பிடரிமயிர் இன்னொரு மயக்கத்தை உண்டாக்குகிறது. அது பன்றியை உண்மையைவிட உயரமாகக் காட்டும். பார்வைக்கு நடுவுயரமாகத் தெரியும் இடத்தைக் குறிவைத்தால் தோட்டா நுரையீரலுக்கு மேலே, முதுகெலும்பின் மேல்முனைகளை உரசிச் செல்லக்கூடும். அதிர்ச்சியில் பன்றி பொத்தென்று விழும். சுட்டவர் இறந்துவிட்டதென்று நினைப்பார். சிறிது நேரத்தில் அது எழுந்து இருளுக்குள் ஓடிவிடும். வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பகுதியில் கேடயம்போல் தடித்த திசுவும் உண்டு. சிறு ரவைகள் அதைத் துளைத்து உள்ளே செல்வது அரிது.

அப்படியானால் தலையில் சுடலாமே என்று தோன்றும். பன்றியின் தலை பெரிது, மூளை சிறிது, மண்டையோடு சரிவானது. மேயும்போது தலை ஒரு நொடிகூட அசையாமல் நிற்பதில்லை. சில சென்டிமீட்டர் தவறினால் தாடை உடையும். தாடை உடைந்த விலங்கு ஓடித் தப்பும். பிறகு தின்ன முடியாமல், நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். ஆகவே தலைக்குக் குறிவைப்பது, மிக அருகில், அசைவற்று நிற்கும் விலங்கிடம், தேர்ந்தவர் மட்டுமே செய்யத் தக்கது. கூண்டில் அகப்பட்ட விலங்குக்கு அது பொருந்தும். திறந்த வயலில் மேயும் விலங்குக்குப் பொதுவாகப் பொருந்தாது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிவதற்கு முன்பே ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறேன். ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில், மலையடிவாரத்தில் இருந்த என் தாய்வழிப் பாட்டனார் தோட்டத்தில் தங்கியிருந்தேன். பக்கத்துக் கடலைக்காட்டில் இறங்கிய பன்றியை ஒருவர் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டார். அடிபட்ட பன்றி ஓடி மறைந்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் யாரும் தேடவில்லை. மூன்றாம் நாள் காலை, மாடு மேய்க்கப் போன பையன் ஓடைச் சரிவில் அதைக் கண்டான். வயிற்றில் அடிபட்டுப் புழு வைத்திருந்தது. ஆனாலும் உயிர் இருந்தது. எங்களைக் கண்டதும் எழ முயன்றது, முடியவில்லை. பாட்டனார் ஆளனுப்பி அதன் துன்பத்தை முடித்துவைத்தார். தமது வயலிலும் பன்றியால் நட்டப்பட்டவர் அவர். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பயிரைத் தின்னதுக்குச் சாவு, சரி. இந்த ரெண்டு நாளு எதுக்கு?"

பொருளியல் கற்பித்த காலத்தில், புறவிளைவுகள் என்ற பாடம் வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வரும். ஒரு செயலின் செலவு, அதைச் செய்பவரின் கணக்கிலும் வராமல், அதனால் பயன்பெறுபவரின் கணக்கிலும் வராமல், வாயில்லாத மூன்றாமவர் தலையில் விழுமானால், அந்தச் செலவைக் குறைக்க யாருக்கும் அக்கறை இராது. ஆலைக்கழிவு கலந்த ஆற்றின் கதை அதுதான். வயிற்றில் தோட்டாவோடு ஓடிய பன்றியின் இரண்டு நாள்களும் அப்படித்தான். அவற்றை எந்தப் பேரேட்டிலும் யாரும் பதிவதில்லை. அச்செலவைக் கணக்குக்குள் கொண்டுவரச் சட்டத்தாலும் நடைமுறையாலும் மட்டுமே இயலும்.

இன்று சட்டத்துக்குப் புறம்பாக நடப்பவற்றோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். காட்டுப்பன்றியைக் கொல்ல அவுட்டுக்காய் வைக்கிறார்கள். உணவுக்குள் வெடிமருந்தை மறைத்துவைக்கும் அந்த நாட்டுவெடி, கடித்தவுடன் வாயைச் சிதைக்கும், உடனடியாகக் கொல்லாது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்றுநீரில் நின்றபடியே இறந்ததை நாடே பார்த்துக் கலங்கியது. பன்றிகளுக்காகப் பழத்தில் வைக்கப்பட்ட வெடியே அதற்குக் காரணம் எனக் கூறப்பட்டது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டவிரோதமாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. வெடிக்கும் மின்கம்பிக்கும் பன்றி எது, யானை எது, மாடு மேய்க்கும் மனிதன் எவன் என்று தெரியாது. இவற்றோடு ஒப்பிடும்போது, குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி ஒன்றே இலக்கைத் தேர்ந்தெடுக்கவும் துன்பத்தைச் சுருக்கவும் வல்லது. அந்த வல்லமையைப் பயன்படுத்தாமல் கண்டபடி சுட்டால், அவுட்டுக்காய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிடும்.

வேட்டை மரபாகவும் நிருவாகமாகவும் நிலைபெற்ற நாடுகள் இதைத் தனிமனிதரின் மனசாட்சிக்கு மட்டும் விட்டுவிடவில்லை. ஜெர்மனியின் வேட்டைச் சட்டப்படி, பன்றி உள்ளிட்ட பெருவிலங்குகளை ரவைத் தோட்டாவால் சுடக்கூடாது. தோட்டாவின் விட்டம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், 100 மீட்டர் தொலைவில் அதன் ஆற்றல் 2,000 ஜூலுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். விலங்கின் உடலமைப்பு முதல் சட்டம் வரை எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, சுடும் தேர்வு ஆகியவற்றில் தேறாதவருக்கு அங்கே வேட்டை உரிமம் இல்லை. நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். ஸ்வீடனில், காயமுற்ற விலங்கை மோப்பம்பிடித்துத் தேடப் பழகிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அவ்விடத்துக்கு வந்துசேரும் ஏற்பாடு இருக்க வேண்டும். குறி தவறும் என்பதை ஒப்புக்கொண்டு, தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே வகுத்துவைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கான ஆயுதமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழல்வாய் வழியே மருந்து திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கியை. வளர்ந்த காட்டுப்பன்றி நூறு கிலோவையும் தாண்டும். அதை அவ்வகைத் துப்பாக்கியால் தொலைவிலிருந்து சுடுவது பெரும்பாலும் காயப்படுத்துவதில்தான் முடியும். காயம்பட்ட பன்றியோ, மறுநாள் களையெடுக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் வருபவர்களுக்கு மிகுந்த ஆபத்தானது. குறி தவறியதன் விலையைச் சில நேரங்களில் மனிதரும் கொடுக்க நேரும்.

கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களை அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் கொல்லக்கூடாது என்று அங்கே விதித்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், சுட்டு வீழ்த்தும் பன்றி ஒன்றுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் தருவதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று தரும்போது, இருட்டில் இரத்தத்துளிகளைத் தொடர்ந்து மூன்று மணி நேரம் தேடுவதைவிட, அந்த நேரத்தில் அடுத்த பன்றிக்குக் காத்திருப்பதே இலாபம் என்று ஒருவர் கருதினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஊக்கத்தொகை எதற்குத் தரப்படுகிறதோ அது பெருகும். எதற்குத் தரப்படவில்லையோ அது புறக்கணிக்கப்படும். கொன்ற பன்றிக்கு மட்டுமன்றி, தேடலில் செலவிட்ட இரவுக்கும் ஊதியம் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, அளக்க வேண்டும். இதற்கு இங்கிலாந்தின் அனுபவம் ஒன்று உதவும். மாடுகளுக்குக் காசநோய் பரவுவதைத் தடுப்பதற்காக, பேட்ஜர் எனப்படும் வளைவாழ் விலங்குகளைச் சுட்டுக்கொல்லும் முன்னோட்டத் திட்டத்தை 2013இல் அங்கே இரு மாவட்டப் பகுதிகளில் நடத்தினார்கள். திட்டம் பயனளிக்கிறதா என்பதோடு, சாவு துன்பமின்றி நேர்கிறதா என்பதையும் ஆராயத் தனியே ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. பார்வையாளர்கள் உடன்சென்று நேரத்தைக் குறித்தனர். உடல்கள் கூறாய்வு செய்யப்பட்டன. 2014இல் வெளியான அறிக்கை, சுடப்பட்டவற்றுள் 7.4 முதல் 22.8 விழுக்காடு வரை ஐந்து நிமிடங்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்திருக்கலாம் எனக் கணித்தது. குழு ஏற்கத்தக்கதெனக் கருதிய வரம்பு 5 விழுக்காடு. பயிற்சி பெற்றவர்கள், நல்ல ஆயுதங்கள், கண்காணிப்பு எல்லாம் இருந்தும் விளைவு இதுதான். அடுத்த ஆண்டு அரசு திட்டத்தைத் தொடர்ந்தது. வல்லுநர் குழுவைத் தொடரவில்லை. அளப்பது அரசுகளுக்கு எவ்வளவு சங்கடமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால், அளந்ததால்தான் அந்த விழுக்காடு உலகுக்குத் தெரிந்தது.

நம் நாட்டில் இத்தனை பன்றிகள் கொல்லப்பட்டன என்ற எண்ணிக்கை அவ்வப்போது வெளியாகிறது. எத்தனை தோட்டாக்கள் சுடப்பட்டன, எத்தனை விலங்குகள் காயத்தோடு தப்பின, வீழ்ந்தவை எத்தனை நிமிடங்களில் உயிர்விட்டன என்ற விவரங்கள் அதனுடன் வருவதில்லை. தேர்ச்சி பெற்ற மாணவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் தேர்வு எழுதியவர்களை எண்ணாத பள்ளியைப் போன்றது இது.

இந்த வாதத்துக்கு இரு தரப்பிலிருந்தும் மறுப்பு வரும். பயிர் அழியும்போது பன்றியின் சுகத்தைப் பார்ப்பதா என்று விவசாயி கேட்பார். அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. அதை நான் மழுப்ப விரும்பவில்லை. விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும், அசையாதிருக்க வேண்டும், பின்னால் வேறு பன்றியோ மனிதரோ இருக்கக்கூடாது, வெளிச்சம் போதுமானதாக இருக்க வேண்டும், குட்டிகளோடு திரியும் தாயைத் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதித்தால், பல இரவுகள் ஒரு தோட்டாகூடச் சுடாமல் திரும்ப நேரிடும். கொல்லப்படும் பன்றிகளின் எண்ணிக்கை குறையும். அதன் விலையை விவசாயி மட்டும் சுமப்பது அநீதி. எனவே சுடும் நெறிகள் எந்த அளவுக்குக் கடுமையாகின்றனவோ அந்த அளவுக்குப் பயிர்ச்சேத இழப்பீடும் உயர வேண்டும். அலைக்கழிப்பின்றி அந்தப் பருவத்திலேயே கைக்கு வந்துசேரவும் வேண்டும். கருணைக்கான செலவைச் சமுதாயம் முழுவதும் பகிர்ந்துகொள்ளாவிட்டால், அது கருணை ஆகாது. அடுத்தவர் பணத்தில் செய்யும் தருமமாகவே இருக்கும்.

கொல்வதற்கு நெறி வகுப்பது கொலையை நியாயப்படுத்துவதாகாதா என்று விலங்கு நேயர்கள் கேட்பார்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் நம்மிடம் இருக்கிறது. உணவுக்காக விலங்கைக் கொல்வதைத் தடை செய்யாமலே, தேவையற்ற வலியைத் தடுப்பதைத் தன் நோக்கமாக அது அறிவிக்கிறது. ஒரு விலங்கின் கண்முன்னே இன்னொன்றை அறுக்கக்கூடாது என்று இறைச்சிக்கூடங்களுக்கு 2001இல் விதி செய்திருக்கிறோம். நான்கு சுவர்களுக்குள் ஏற்றுக்கொண்ட ஒரு கொள்கையை வயல்வெளியில் மறுக்கக் காரணம் ஏதுமில்லை. சாவே கூடாது என்று போராடுபவர்கள் அந்தப் போராட்டத்தைத் தொடரட்டும். அதுவரை சாகின்ற விலங்குகளின் கடைசி நிமிடங்களையும் யாரேனும் கவனித்தாக வேண்டும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. சுடும் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் காட்டுப்பன்றியின் உடலமைப்பை அறிந்து, பன்றி உருவ இலக்கின் மீது சுட்டு, ஆண்டுதோறும் தேர்ச்சி பெற வேண்டும். ஆயுதத்துக்கும் தோட்டாவுக்கும் குறைந்தபட்ச ஆற்றலையும், சுடுவதற்கு அதிகபட்சத் தொலைவையும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். காயத்தோடு தப்பும் விலங்கைத் தேடுவதற்குப் பழக்கிய நாயும் ஆளும் தயாராக இருக்க வேண்டும்; தேடி முடிக்காமல் அடுத்த விலங்கைச் சுடக்கூடாது. புதைக்கும் முன் கால்நடை மருத்துவர் ஒருவர் தோட்டா பாய்ந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுட்ட தோட்டாக்கள், கிடைத்த உடல்கள், கிடைக்காதவை, உயிர்விட எடுத்துக்கொண்ட நேரம் ஆகிய நான்கையும் ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதற்குத் தேவைப்படுவது ஒரு பதிவேடும், அதை உண்மையாக எழுதும் மனமும்தான்.

மூன்று கிலோமீட்டர் என்ற கோட்டை வரைவதற்குப் பல சுற்றுப் பேச்சுவார்த்தைகள் தேவைப்பட்டன. அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கும் விலங்குக்கு அந்தத் தொலைவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதன் விதியை எழுதுவது தோளை ஒட்டிய அந்த ஒரு சாண்தான். அரசின் பெயரால் தூக்கப்படும் துப்பாக்கி, அந்தச் சாணுக்குள் தோட்டா பாயும் என்ற உறுதி இல்லாதபோது தாழ்ந்துகொள்ள வேண்டும். பயிரைத் தின்றதற்குச் சாவுதான் தண்டனை என்று நாம் முடிவு செய்துவிட்டோம். அதற்குமேல் இரண்டு நாள் எதற்கு என்று என் பாட்டனார் கேட்ட கேள்விக்கு ஒரு பதிவேட்டிலாவது பதில் எழுதிவைப்போம்.